ஒட்டுதா, காஞ்சுபோச்சா? ஸ்லைமிடம் கேட்க மறந்த ஒரு கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வார எபிசோடை ஒரு மன்னிப்போடு ஆரம்பிக்க வேண்டியிருக்கு. மன்னிப்பு உங்ககிட்ட இல்லை, ஒன்பது வயசு ஆகிற என் அண்ணன் மகள்கிட்ட. அவகிட்ட நேரிலேயே கேட்டாச்சு. "சரி அத்த, பரவால்ல"னு சொல்லிட்டா. ஆனால் நான் செய்த தப்பை இதைக் கேட்டுட்டு இருக்கிற எந்தச் சித்தியும், மாமாவும், அத்தையும் செய்யலாம். அதான் இங்கேயும் சொல்றேன்.

விஷயம் ஸ்லைம். அதேதான். டப்பாவுக்குள்ள கொழகொழனு இருக்குமே, இழுத்தா நீளும், அமுக்கினா 'புஸ்க்'னு ஒரு சத்தம் வரும், அந்தப் பொம்மை. உங்களில் பாதிப் பேர் தூக்கம் வராத ராத்திரிகளில் ஸ்லைம் வீடியோ பார்க்கிற ஆட்கள்தான், எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டம்தான்.

போன மே மாசம் லீவுக்குச் சென்னைக்கு வந்தவளுக்கு ஒரு டப்பா ஸ்லைம் வாங்கிக் கொடுத்தேன். நீல நிறம், உள்ளே ஜிகினா. லேபிளைப் பார்க்கவே இல்லை. அவள் அதை ஊருக்குக் கொண்டு போனாள்.

எங்கள் ஊர் வீரகேரளம்புதூர், தென்காசி மாவட்டம். பஸ் போர்டில் வீ.கே.புதூர்னு இருக்கும். ஊத்துமலை ஜமீன் அரண்மனை இருந்த ஊர். பக்கத்தில் சிற்றாறு ஓடுது. குற்றாலத்தில் சீசன் ஆரம்பிச்சு உங்க ரீல்ஸ் எல்லாம் சாரலா இருக்கும் இல்லையா, அந்த நாட்களில் எங்க ஊருக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். செங்கோட்டைக் கணவாய் வழியா நுழைஞ்சு, காயப்போட்ட துணியை அடுத்த வீட்டு மாடியில் கொண்டு போய்ப் போடுகிற காற்று. அந்தக் காற்றை நம்பித்தான் சுரண்டைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிக்குது.

அப்படி ஒரு ஜூலை மாசத்துச் சனிக்கிழமை. எனக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்தது. "அத்த, ஸ்லைம் கெட்டுப் போச்சு. என்ன செய்ய?"

நான் ஆபீஸ் வேலையா மெட்ரோவில் நின்னுட்டு இருந்தேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் போன். "கொஞ்சம் போராக்ஸ் போட்டா சரியாயிடும்டா, அப்பாகிட்ட கேளு"னு பதில் அனுப்பிட்டேன். அவ்வளவுதான். நாலு செகண்ட் கூட யோசிக்கலை.

சென்னையில் போராக்ஸ்னு கேட்டா யார் வீட்டிலும் இருக்காது. ஆனால் எங்க அண்ணன் தென்னை வச்சிருக்கான். தென்னையில் போரான் குறைபாடு வந்தால் குருத்து ஓலை சரியா விரியாது, குரும்பை உதிரும். அதுக்கு மண்ணில் போராக்ஸ் வைப்பாங்க. அந்த மூட்டை வீட்டுப் பின்னாடி ஷெட்டில் இருந்திருக்கு. அப்பா தோப்புக்குப் போயிருந்தார். இவளே எடுத்து, ஒரு ஸ்பூன் போட்டுப் பிசைந்திருக்கிறாள். சரியாகலை. இன்னொரு ஸ்பூன். அதுக்கும் சரியாகலை. பீரோவில் இருந்த வெள்ளைப் பசையை ஊத்தி, மறுபடி பிசைஞ்சு, மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற வரைக்கும் வெறுங்கையால் இதே வேலை.

அன்னைக்கு ராத்திரி எங்க அம்மா போன் பண்ணினாங்க. பிள்ளைக்கு ரெண்டு கையும் சிவந்து அரிக்குதாம். அடுத்த நாள் விரல் நுனியில் தோல் உரிய ஆரம்பிச்சிட்டு. அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கொஞ்சம் போடுன்னு நீதான சொன்ன? கொஞ்சம்னா எம்புட்டுட்டி?"

எனக்குப் பதில் தெரியலை. அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

இழையும் கையும்

முதலில் ஸ்லைம்னா என்ன? கடையில் விற்கிற பெரும்பாலான ஸ்லைமும், வீட்டில் செய்கிற ஸ்லைமும் மூணு பொருள்தான். ஒண்ணு, தண்ணீர். எடையில் பெரும்பங்கு அதுதான். ரெண்டு, ரொம்ப நீளமான மூலக்கூறுகள், அதாவது பாலிமர். பாலிவினைல் ஆல்கஹால், இல்லைன்னா வெள்ளைப் பசையில் இருக்கிற பாலிவினைல் அசிடேட். மூணாவது, இந்த நீள இழைகளை ஒன்றோடொன்று கோக்கிற பொருள். அது பெரும்பாலும் போராக்ஸ், அல்லது அதோட சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர்.

திருவிழாக் கூட்டத்தை யோசிங்க. நீளநீளமா வரிசை கட்டி ஆட்கள் போறாங்க. அது பசை. வரிசைகள் ஒன்றை ஒன்று உரசி வழுக்கிக்கிட்டுப் போகும், அதனால்தான் பசை ஓடுது. இப்ப நடுவில் சில சின்னப் பிள்ளைகளை விடுறோம். ஒவ்வொருத்தரும் இந்த வரிசையில் ஒரு ஆளையும் பக்கத்து வரிசையில் ஒரு ஆளையும் கையால் பிடிச்சுக்கிறாங்க. அந்தப் பிள்ளைகள்தான் போரேட். போராக்ஸ் தண்ணீரில் கரையும்போது வருவது.

இங்கேதான் ஸ்லைமோட மொத்த ரகசியமும் இருக்கு. அந்தப் பிள்ளைகள் யாரையும் நிரந்தரமா பிடிச்சு வச்சிக்கிறதில்லை. பிடிப்பாங்க, விடுவாங்க, வேற ஆளைப் பிடிப்பாங்க. இது நிக்காமல் நடந்துக்கிட்டே இருக்கும். மெதுவா இழுத்தீங்கன்னா, விட்டுவிட்டுப் பிடிக்க நேரம் கிடைக்குது, ஸ்லைம் நீளுது. வெடுக்குனு இழுத்தா நேரமில்லை, பட்டுனு அறுந்து போகுது. உருண்டையா பிடிச்சு மேசையில் வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்து பாருங்க, தோசை மாதிரி படுத்திருக்கும். வேகமான விஷயங்களுக்குத் திடப்பொருள் மாதிரி, மெதுவான விஷயங்களுக்குத் திரவம் மாதிரி. இதுக்கு இயற்பியலில் விஸ்கோஎலாஸ்டிக்னு பேர்.

இதே குடும்பத்தில் ஒரு பெரியண்ணனும் உண்டு, சில்லி புட்டி. ரெண்டாம் உலகப்போர் சமயம், 1943-இல் ரப்பருக்கு மாற்று தேடின அமெரிக்கப் பொறியாளர்கள் சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைக் கலந்தப்போ வந்த பொருள். ரப்பராக உதவலை, பொம்மையாச்சு. 1968-இல் அப்பல்லோ 8 விண்கலத்தில், மிதந்து போகிற கருவிகளை ஒட்டி நிறுத்துவதற்கு விண்வெளி வீரர்கள் அதை எடுத்துப் போனாங்க. இங்கேயும் பின்னணியில் இருப்பது போரான்தான்.

சீனியவரைக்காயும் வெண்காரமும்

இப்ப ஒரு ஆச்சரியம். கடையில் விற்பனைக்கு வந்த முதல் 'ஸ்லைம்' பொம்மையை அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1976-இல் கொண்டு வந்தது. சின்னக் குப்பைத்தொட்டி மாதிரி ஒரு பச்சை டப்பாவில் பச்சைக் கொழகொழ. அதில் பசையாக இருந்தது பிளாஸ்டிக் இல்லை, குவார் கம். குவார்னா நம்ம கொத்தவரங்காய். எங்க ஊர்ப் பக்கம் சீனியவரைக்காய்னு சொல்லுவோம், வத்தல் போட்டுப் பொரிச்சா ஒரு சட்டி சோறு இறங்கும். அந்தச் செடியோட விதையிலிருந்து எடுக்கிற பிசின்தான் குவார் கம். உலகத்திலேயே அதிகமா விளைவது இந்தியாவில், அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானில்.

கோக்கிற பொருளான போராக்ஸும் நமக்குப் புதுசு இல்லை. அதுக்குத் தமிழ்ப் பேர் வெண்காரம். நாட்டு மருந்துக் கடையில் கேட்டா தெரியும். நகை ஆசாரிகிட்ட கேட்டா இன்னும் நல்லாத் தெரியும். தங்கத்தில் பற்று வைக்கும்போது வெண்காரப் பொடியை வச்சுத்தான் ஊதுவாங்க. 'பொடி வச்சுப் பேசுறான்'னு நாம சொல்றோமே, அந்தப் பொடி ஆசாரி வீட்டுப் பொடிதான்னு சொல்லுவாங்க.

ஸ்லைமில் நடக்கிற இதே கோர்ப்பு வேலை பெரிய தொழிலிலும் நடக்குது. பாறையை வெடிக்க வச்சு எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறாங்களே, அதுக்கு மணலைத் தண்ணியில் கலந்து ஆழத்துக்கு அனுப்பணும். வெறும் தண்ணியில் மணல் அடியில் தங்கிடும். அதனால் குவார் கம் கலந்து, போரேட் போட்டுக் கெட்டியாக்கி, அந்தக் கொழகொழப்பில் மணலை மிதக்க வச்சு அனுப்புறாங்க. அளவில் பெரிய ஸ்லைம்னு வச்சுக்கோங்க. அந்தத் தேவை கூடித்தான் 2012-இல் இந்தியாவில் குவார் விலை எங்கேயோ போய், முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைக்க வேண்டி வந்தது.

இதை எதுக்குச் சொல்றேன்னா, ஸ்லைம் ஒரு மாயப் பொருள் இல்லை. பசையும் காரமும். ரெண்டும் நம்ம ஊர்க்காரங்களுக்குப் பழக்கமான சாமான். பழக்கமானதுங்கிறதாலேயே நான் "கொஞ்சம் போடு"னு சொல்லிட்டேன். ஆனால் ஆசாரி குறடால் எடுத்து வைக்கிற பொருளும், தென்னை மூட்டுக்கு வைக்கிற பொருளும், ஒரு சின்னப் பிள்ளை மணிக்கணக்கில் கையில் பிசையற பொருளும் ஒண்ணா?

ரெண்டு வியாதி, ரெண்டு வைத்தியம்

இப்ப என் தப்புக்கு வருவோம். அவள் "கெட்டுப் போச்சு"னு சொன்னாள். நான் கேட்டிருக்க வேண்டியது ஒரு கேள்வி: ஒட்டுதா, காஞ்சுபோச்சா?

ஸ்லைம் ரெண்டு விதமாகத்தான் கெடும். ரெண்டும் நேர் எதிர்.

ஒட்டுற ஸ்லைம்னா கோக்கிற கைகள் போதலைன்னு அர்த்தம். இழைகள் சும்மா கிடக்கு, அதனால் உங்க விரலைப் பிடிச்சுக்குது. இதுக்கு மூணு காரணம். செய்யும்போதே காரம் குறைஞ்சிருக்கலாம். வெயிலில் கிடந்து சூடாகியிருக்கலாம், சூட்டில் கைகள் சீக்கிரம் சீக்கிரமா விட்டுடும். அல்லது கை வியர்வையும் அழுக்கும் சேர்ந்திருக்கலாம்.

காஞ்ச ஸ்லைம்னா கைகள் அத்தனையும் இருக்கு, தண்ணீர்தான் போயிடுச்சு. இழைகள் நெருங்கி ரப்பர் மாதிரி ஆகிடுது. இழுத்தா நீளாது, துண்டு துண்டா அறும்.

எங்க வீட்டில் நடந்தது ரெண்டாவது. டப்பாவைத் திறந்து திண்ணையில் வச்சுட்டு விளையாடப் போயிருக்கிறாள். எங்க ஊர்க் காத்துக்கு ஒரே மத்தியானம் போதும். காஞ்ச ஸ்லைமுக்கு வேண்டியது தண்ணீர். நான் சொன்னது காரம். ஏற்கெனவே இறுகிப் போனதை இன்னும் இறுக்கிற சாமான். அதனால்தான் அவள் ஸ்பூன் ஸ்பூனாப் போட்டும் சரியாகலை. போடப் போட மோசமாச்சு, மோசமாக ஆக அவள் இன்னும் போட்டாள்.

சரியான வைத்தியம் இதுதான். காஞ்சிருந்தா: ஸ்லைமைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, பத்து நிமிஷம் ஊற விடுங்க. அப்புறம் தண்ணியை வடிச்சுட்டுப் பிசையுங்க. தேவைப்பட்டா மறுபடி. பட்டாணி அளவு ஹேண்ட் லோஷனோ ரெண்டு சொட்டு கிளிசரினோ சேர்த்தா தண்ணி சீக்கிரம் போகாது. முழுசா கல்லு மாதிரி ஆகிட்டா விட்டுடுங்க.

ஒட்டுச்சுன்னா: முதலில் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம். வெறும் சூட்டினால் வந்த ஒட்டுன்னா அதிலேயே சரியாகிடும். டப்பா மேல் 'ஸ்லைம், சாப்பிடக் கூடாது'னு பெரிசா எழுதி வைங்க. எங்க அம்மா ஒரு தடவை ஜெல்லினு நினைச்சுத் திறந்தாச்சு. அதிலும் சரியாகலைன்னா காரம்தான் போதலை. காரம் சேர்க்கிற வேலை பிள்ளைகளோடது இல்லை. ஒட்டு விடாத பழைய ஸ்லைமுக்காக அதைச் செய்யவும் வேண்டாம்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அதுக்கு வைத்தியமே கிடையாது. புளிச்ச வாடை, கறுப்புப் புள்ளி, பூஞ்சை. தூக்கிப் போட்டுடுங்க. இது வராமல் இருக்க, விளையாடும் முன்னாடி கை கழுவணும், முடிஞ்சதும் காற்றுப் போகாத மூடியுள்ள டப்பாவில் வைக்கணும். ஒரு டப்பாவுக்கு ஒரு ஆள். பத்து பேர் கை பட்டா பத்து பேர் கையில் இருந்தது அத்தனையும் அதில் இருக்கும்.

கொஞ்சம்னா எம்புட்டு?

அம்மா கேட்ட கேள்வி. இப்ப கணக்குப் போடலாம், சின்னக் கணக்குதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பொம்மைகளுக்கு ஒரு வரம்பு இருக்கு. ஸ்லைம் மாதிரி ஒட்டுகிற, திரவமான பொம்மைகளில், ஒரு கிலோவிலிருந்து 300 மில்லிகிராமுக்கு மேல் போரான் வெளியே வரக் கூடாது. பிள்ளை விழுங்கிட்டா வயித்துக்குள்ள எவ்வளவு கரைஞ்சு வரும்னு பார்க்கிற அளவு இது. போராக்ஸ், போரிக் அமிலம் ரெண்டையும் இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருள்கள்னு அவங்க வகைப்படுத்தியிருக்காங்க, அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

நம்ம ஸ்லைம் 100 கிராம்னு வைங்க. அதுக்கு வரம்பு 30 மில்லிகிராம் போரான். போராக்ஸின் எடையில் சுமார் 11 சதவீதம் போரான். ஒரு டீஸ்பூன் போராக்ஸ் ஏறக்குறைய 4 கிராம். அப்போ ஒரு ஸ்பூனில் இருக்கிற போரான் 450 மில்லிகிராம் பக்கம். வரம்பைப் போல 15 மடங்கு. என் அண்ணன் மகள் போட்டது ரெண்டு ஸ்பூன்.

அந்த வரம்புக்குள் நிக்கணும்னா 100 கிராம் ஸ்லைமுக்குக் கால் கிராம் போராக்ஸ்தான் போடலாம். சமையலறையில் அதை அளக்க ஸ்பூன் கிடையாது. "கொஞ்சம்"னு சொல்லி அளக்கிற பொருள் இல்லை இது. அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இதுதான்.

வீட்டு ஸ்லைம் மட்டும்தான் பிரச்சினைன்னும் நினைக்காதீங்க. பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான 'விச்?' 2018 ஜூலையில், கடையில் விற்ற 11 ஸ்லைம்களைச் சோதிச்சது. எட்டில் போரான் வரம்பை மீறியிருந்தது.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. கடையில் வாங்கின ஸ்லைமைக் கொஞ்ச நேரம் விளையாடிட்டுக் கையைக் கழுவுற பிள்ளைக்குப் பொதுவா ஒண்ணும் ஆகாது. முழுத் தோல் வழியா போரான் உள்ளே போவது ரொம்பக் குறைவு. ஆபத்து மூணு இடத்தில் இருக்கு. வாயில் போடுவது, அதனால் மூணு வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் கையில் ஸ்லைமே வேண்டாம். தோலில் காயமோ கரப்பானோ இருப்பது. அப்புறம், காரப் பொடியை நேரடியா கையில் எடுத்துப் பிசைவது. தோல் உரிய அதுவே போதும். பசையிலும் சோப்புத் திரவங்களிலும் கெட்டுப் போகாமல் இருக்கச் சேர்க்கிற சில பொருள்களுக்கு ஒவ்வாமை வருவதும் உண்டு. ஸ்லைம் பிசைந்த பிள்ளைகளுக்குக் கையில் தோல் அழற்சி வந்ததை மருத்துவ இதழ்களில் பல டாக்டர்கள் பதிவு செஞ்சிருக்காங்க. எங்க பிள்ளைக்கு வந்தது காரத்தாலா, பசையாலா, ரெண்டும் சேர்ந்தான்னு டாக்டர் உறுதியாகச் சொல்லலை. தொடாதே, சோப்பு குறைச்சுக்கோ, இந்தக் களிம்பைத் தடவு. பத்து நாளில் கை பழையபடி ஆச்சு.

யாராவது ஸ்லைமையோ போராக்ஸையோ விழுங்கிட்டா வாந்தி, வயித்து வலி, வயித்துப்போக்கு வரலாம். வாந்தி எடுக்க வைக்காதீங்க. டப்பாவையும் கையில் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. டப்பாவைப் பார்த்தால் டாக்டருக்கு வேலை சுலபம்.

'போராக்ஸ் இல்லை'ங்கிற பொடி

இணையத்தில் 'போராக்ஸ் இல்லாத ஸ்லைம்'னு நிறைய வீடியோ இருக்கு. அதில் பெரும்பாலும் பசையில் சமையல் சோடாவையும், காண்டாக்ட் லென்ஸ் கழுவுற திரவத்தையும் ஊத்துவாங்க. அந்தத் திரவத்தோட லேபிளைப் படிங்க. வேலை செய்யற பிராண்டுகளில் போரிக் அமிலமோ சோடியம் போரேட்டோ எழுதியிருக்கும். சமையல் சோடா காரத்தன்மையைக் கூட்டி, போரிக் அமிலத்தைப் போரேட்டா மாத்துது. அதே பிள்ளைகள், அதே கைகள், சட்டை மட்டும் வேற. அளவு குறைவா இருக்கும், அது நல்லது. ஆனால் 'இல்லை'ங்கிறது உண்மை இல்லை. கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரும் இதே குடும்பம். அதை எடுத்து ஸ்லைமில் போடுகிற ஐடியாவும் வேண்டாம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்? இந்தியாவில் 14 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கு. நான் வாங்கின டப்பாவில் முத்திரையும் இல்லை, யார் தயாரிச்சதுங்கிற விலாசமும் இல்லை. ஜிகினாவைப் பார்த்து மயங்கிட்டேன். முத்திரை, வயசு வரம்பு, தயாரிப்பாளர் விலாசம், இந்த மூணில் ஒண்ணு இல்லைன்னாலும் வச்சுட்டு வந்துடுங்க.

ஜமுக்காளத்தில் ஒட்டினால்

அன்னைக்கு அவள் பிசைந்ததில் பாதி ஜமுக்காளத்தில்தான் இருந்தது. மதினி சோப்புப் போட்டுத் தேய்ச்சுப் பார்த்திருக்காங்க, போகலை. எங்க அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்ச்சாங்க. "பிசுக்குன்னா புளிப்பு வைக்கணும், பாத்துக்க"ங்கிறது அம்மாவோட வேதியியல். கொஞ்ச நேரத்தில் இளகி, வெந்நீரில் கழுவினதும் போயிடுச்சு.

அம்மா சொன்னது சரி. புளிப்புன்னா அமிலம். அமிலம் பட்டதும் போரேட் மறுபடி போரிக் அமிலமா மாறிடும், கோத்த கைகள் விட்டுடும். இழைகள் தனித்தனியா ஆகி வெறும் பசையா இளகும், வெதுவெதுப்பான தண்ணியில் போயிடும். எலுமிச்சை வேண்டாம்னா வெள்ளை வினிகர். சாயம் போகிற துணியா இருந்தா ஓரத்தில் ஒரு சொட்டு வச்சுப் பார்த்துட்டுச் செய்ங்க. புளித்தண்ணி வேண்டாம், கறை வேற பிடிக்கும். தலைமுடியில் ஒட்டினா தேங்காய் எண்ணெய் தடவி ஊற வச்சு, சீப்பால் மெதுவா வழிச்சு எடுங்க. கத்தரிக்கோலைக் கடைசிக்கு வச்சுக்கலாம்.

தூக்கிப் போடும்போதும் ஒரு முறை இருக்கு. கழிவறையிலோ சிங்கிலோ போட்டா குழாய் அடைச்சுக்கும். தோட்டத்தில் புதைச்சாலும் மக்காது, மண்ணில் போரான் கூடினா செடிக்கு ஆகாது. தென்னைக்கு மருந்தாகிற அதே சாமான் அளவு மீறினா விஷம். திறந்து வச்சுக் காய விட்டு, பேப்பரில் சுத்திக் குப்பையில் போடுங்க. காய வைக்கிறதுக்கு எங்க ஊர்க் காத்தை விடச் சிறந்தது எதுவும் இல்லை.

சப்ஜா ஸ்லைம்

ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். கை ஆறியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன், அவள் சொன்ன பதிலை முதலிலேயே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்போ இனிமே ஸ்லைமே கிடையாதா அத்த?"

கிடையாதுன்னு சொல்ல மனசு வரலை. சப்ஜா விதை கால் டம்ளர் எடுத்து, முக்கால் டம்ளர் தண்ணியில் ராத்திரி முழுக்க ஊற வச்சோம். ஒவ்வொரு விதையைச் சுத்தியும் வழுவழுனு ஒரு உறை வரும், தெரியும் இல்லையா, ஃபலூடாவில் பார்த்திருப்பீங்க. அதுவும் நீள இழைகளின் வலைதான், செடியே செய்தது. காலையில் அதில் சோள மாவைக் கை கையாப் போட்டுப் பிசைந்தோம். ரெண்டு டம்ளர் பக்கம் பிடிச்சது, உங்களுக்கு முன்னபின்ன ஆகலாம். கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திடணும்.

கடை ஸ்லைம் மாதிரி நீளமா இழுபடாது. பளபளப்பும் கிடையாது. ஆனா அமுக்கலாம், வழிய விடலாம், விதைகள் விரலில் நெருடும். இங்கே அளவு தவறினா யாருக்கும் கை உரியாது. தின்பண்டம்னு கொடுக்கிறதுக்கு இல்லை, ஆனா குட்டித் தம்பி ஒரு விரல் வாயில் வச்சாலும் பதற வேண்டியதில்லை. ஊறாத சப்ஜா மட்டும் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் உப்பிக்கும். இதில் கெட்டுப் போகாமல் காக்கிற பொருள் எதுவும் இல்லை. ஃபிரிட்ஜில் வச்சு ரெண்டு நாள், அவ்வளவுதான்.

அம்மா எட்டிப் பார்த்துட்டு, "வத்தலுக்குக் காச்சுத கூழு மாதிரில்லா இருக்கு. இதுக்கா இம்புட்டுப் பாடு?"ன்னாங்க. அப்புறம் அவங்களும் உட்கார்ந்து ஒரு உருண்டை பிடிச்சாங்க.

ஷெட்டில் இருந்த போராக்ஸ் மூட்டையை அண்ணன் இப்ப பரண் மேல் ஏத்திட்டான். மேலே மார்க்கர் பேனாவால் ஒரு மண்டை ஓடு. வரைந்தது யார்னு சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் மறுபடியும் ஒரு வாய்ஸ் நோட். "அத்த, சப்ஜா ஸ்லைம் கெட்டுப் போச்சு." இந்தத் தடவை பிளாட்பாரத்தில் ஓரமா நின்னு, திருப்பிக் கேட்டேன்: ஒட்டுதா, காஞ்சுபோச்சா?

"நாறுது"ன்னாள். நாலு நாள் ஆகியிருந்தது. தூக்கிப் போடச் சொன்னேன்.

உங்க வீட்டு ஸ்லைம் கதைகளையும் அனுப்புங்க. கேள்வி இருந்தாலும் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். ஒட்டுதா, காஞ்சுபோச்சா, நாறுதான்னு முதலிலேயே சொல்லிடுங்க, அது போதும். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.